எலிப்புழுவும் கீரைப்பிடியும்

1993ஆம் ஆண்டு, ஒட்டுண்ணிப் புழுக்களுக்கென்றே வெளிவரும் ஓர் ஆங்கில ஆய்விதழில் இலங்கையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மனிதக் கண்ணொன்றுக்குள் இருந்த புழுவைப் பற்றியது அது. பாரிஸ் நகரத்துப் புழுவியலாளர்களும், இலங்கை ஒட்டுண்ணியியலின் மூத்தவரான பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும், அவரோடு பணியாற்றியவர்களும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். 1998இல் இரண்டாவது நோயாளியைப் பற்றிய அறிக்கை வெளியானது. 2001இல் மூன்றாவது. மூன்றிலும் சொல்லப்பட்ட புழு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் மனிதரை அதிகம் தாக்குவது எலியின் நெஞ்சுக்குள் ஓடும் ஓர் இரத்தக் குழாயில் வளர்ந்து, முட்டையிட்டு, முடிந்துபோக வேண்டிய ஒரு புழு.

எலிக்குள் இருக்க வேண்டியது மனிதக் கண்ணுக்குள் ஏன் வந்தது? எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருப்பது நத்தை. ஓடுள்ளதும் ஓடில்லாததும்.

புழுவின் பெயர் அஞ்சியோஸ்ட்ரோங்கைலஸ் கன்டோனென்சிஸ். எலி நுரையீரல் புழு என்றுதான் உலகம் அழைக்கிறது. உண்மையில் அது குடியிருப்பது நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில். வளர்ந்த பெண்புழு இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். எலியின் இரத்தத்தைக் குடித்துச் சிவந்த குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு போவதால், உடல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். எலியை அறுத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு இந்த வரி ஒன்றே போதும், நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை.

அது இடும் முட்டைகள் இரத்தத்தோடு போய் நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அங்கேயே பொரித்துக் குடம்பிகள் வெளிவரும். அவை காற்றுப் பைகளுக்குள் துளைத்துப் புகுந்து, மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு வர, எலி அவற்றை விழுங்கிவிடும். குடலைக் கடந்து எச்சத்தோடு வெளியே வந்து விழுவதோடு எலிக்குள் ஒரு சுற்று முடிகிறது. ஆனால் அந்த எச்சத்தை இன்னொரு எலி தின்றாலும் தொற்றாது. குடம்பி இன்னும் பக்குவப்படவில்லை. அதற்கு ஒரு நத்தை வேண்டும்.

நத்தைக்கு எலி எச்சம் நல்ல உணவு. எலி நடமாடும் குப்பை மூலையில் இரவில் நத்தை மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எச்சத்தோடு உள்ளே போன குடம்பி நத்தையின் தசையில் தங்கி, இரண்டு தரம் தோல் கழற்றி, இரண்டு மூன்று வாரங்களில் மூன்றாம் பருவத்தை அடையும். அப்போது அதன் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். ஒரே நத்தைக்குள் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நத்தைக்கு இதனால் பெரிய கஷ்டம் எதுவும் வருவதாகத் தெரியாது.

இப்போது எலி நத்தையைத் தின்ன வேண்டும். தின்கிறது. குடம்பி குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, நேராக மூளைக்குப் போகிறது. ஏன் மூளைக்கு? எலியின் மூளைதான் இந்தப் புழுவின் வளர்ப்பறை. அங்கே சில வாரங்கள் இருந்து, மேலும் இரண்டு தரம் தோல் கழற்றி, இளம் புழுவாகி, நாளம் வழியாக இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரல் நாடியில் குடியேறும். தொற்றிய நாளிலிருந்து ஆறேழு வாரங்களில் அந்த எலியின் எச்சத்தில் புதுக் குடம்பிகள். அளவோடு தொற்றினால் எலி இதைத் தாங்கிக்கொண்டு திரியும். எவ்வளவு காலமாக இந்த இரண்டு உயிர்களும் ஒன்றோடொன்று பழகியிருந்தால் இப்படி ஒரு ஏற்பாடு உருவாகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

மனிதனுக்கும் புழுவுக்கும் அப்படி ஒரு பழக்கம் இல்லை. மூன்றாம் பருவக் குடம்பியை மனிதன் விழுங்கினால், அது எலிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. குடலைத் துளைக்கிறது, மூளைக்குப் போகிறது, வளரப் பார்க்கிறது. அங்கிருந்து நாடிக்கு இறங்கும் வழி மட்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூளையின் உறைகளிலும் சில வேளை முண்ணாணிலும் அலைந்து, கடைசியில் அங்கேயே செத்துப்போகிறது. அபூர்வமாக ஒன்று கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. புழுவுக்கும் மனிதனுக்கும் நட்டம். மனிதனிலிருந்து இன்னொருவருக்கு இந்த நோய் தொற்றுவதே இல்லை.

அலையும் புழு செய்யும் சேதத்தோடு, செத்த புழுவை நோக்கி உடல் நடத்தும் போரும் சேர்ந்துகொள்கிறது. புழுக்களை எதிர்க்கவென்று நம் இரத்தத்தில் இருக்கும் இயோசினோபில் என்ற வெண்கலங்கள் மூளையைச் சூழ்ந்த நீரில் கூட்டமாகத் திரளும். இயோசினோபில் வகை மூளை மென்சவ்வு அழற்சி என்று இதற்குப் பெயர். நத்தை உள்ளே போய் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரங்களுக்குள் தாங்க முடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி வரும். இவற்றோடு வரும் ஒன்று கொஞ்சம் விநோதமானது: தோலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம், சில இடங்களில் உடுப்பு உரசினாலே வலி. காய்ச்சல் அதிகம் இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலானோருக்கு வாரக்கணக்கில் வேதனைப்பட்டுத் தானாகவே குறையும். உள்ளே போன குடம்பிகள் அதிகமானால், அல்லது நோயாளி சிறு பிள்ளையானால், கோமா வரைக்கும் உயிரிழப்பு வரைக்கும் போகும். சிட்னியில் 2010இல் நண்பர்கள் சவால் விட்டதற்காகத் தோட்டத்து ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கிய ஓர் இளைஞர், ஒரு வருடத்துக்கு மேல் கோமாவில் கிடந்து, பிறகு உடல் செயலிழந்த நிலையில் வாழ்ந்து, 2018இல் இறந்தார்.

இந்தப் புழுவை முதலில் கண்டவர் சீனாவின் கன்டன் நகரில் எலிகளை ஆராய்ந்த சென் சின்-தாவோ. 1935இல் அவர் அதை விவரித்தபோது அது வெறும் எலிப்புழு. பத்து வருடம் கழித்து, தாய்வானில் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் முண்ணாண் நீரில் அதே புழு இருந்ததாக நொமுரா, லின் என்ற இரு மருத்துவர்கள் 1945இல் எழுதினார்கள். யப்பானிய மொழியில், போர்க்காலத்தில் வந்த கட்டுரை. வெளியுலகம் அதைக் கவனிக்க 1964 வரை ஆனது. இடையில் 1955இல் பிரிஸ்பேனில் மெக்கெராஸ், சான்டர்ஸ் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், நத்தையும் எலியின் மூளையும் சேர்ந்த முழுச் சுற்றையும் கண்டறிந்திருந்தார்கள். ஹவாயில் இறந்த நோயாளிகளின் மூளையில் புழுவைக் கண்டு, ரோசனும் கூட்டாளிகளும் 1962இல் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2008இல் சீன ஆய்வாளர்கள் அதுவரை உலகெங்கும் பதிவான நோயாளிகளைக் கூட்டிப் பார்த்தபோது 2,827 பேர் தேறினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் தாய்லாந்தினர். அங்கே பச்சை நத்தையை நறுக்கி, காரமும் புளிப்பும் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு.

தாய்லாந்துக் கணக்கைப் படிக்கும் தமிழ் வாசகர், நமக்கு இதில் என்ன என்று பக்கத்தைப் புரட்டக் கூடும். நாங்கள் நத்தை சாப்பிடுவதில்லையே. கொழும்பில் இருந்து பார்த்தால் அந்த நிம்மதிக்கு இடமில்லை. அதற்கு முதலில் நத்தை இங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மழை விட்ட இரவில் கொழும்பு வீட்டு மதிலில் ஏறி நிற்கும் அந்தப் பழுப்பு நிறப் பெரிய நத்தை, கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. இருபது சென்ரிமீற்றர் வரை வளரக் கூடியது. மதிலில் அது தேடுவது சுண்ணாம்பு. அந்தப் பெரிய ஓட்டைக் கட்ட கல்சியம் வேண்டும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஒரு தரம் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வரட்சி வந்தால் ஓட்டை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். மொரிசியசுக்கு வந்து சேர்ந்திருந்த இந்த நத்தையை 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகியது. 1900இல் இலங்கைத் தேயிலைத் தோட்டக்காரரான ஒலிவர் கொலெட் கல்கத்தாவிலிருந்து சிலவற்றை எடுத்து வந்து இங்கே விட்டார். கொலெட் நத்தைகளில் பேரார்வம் கொண்டவர். இந்தத் தீவுக்கே உரிய நத்தைகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். அவர் பெயரைத் தாங்கிய உள்ளூர் நத்தை இனம் ஒன்றுகூட உண்டு. நத்தையை நேசித்த மனிதர் நத்தைகளுக்குச் செய்த கேடு இது.

பத்து வருடத்துக்குள் அது மேற்குக் கரையில் பெருந்தொல்லையாகி, களுத்துறை நத்தை என்ற பெயரையும் பெற்றுவிட்டது. 1924இல் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹட்சனும் ஒஸ்டினும், இந்த நத்தையைத் தின்னும் மின்மினி இனம் ஒன்றின் வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாம் பறக்கும் ஒளிப்பொட்டாக மட்டுமே அறிந்த பூச்சியின் குடம்பி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நத்தையை மயக்கித் தின்கிறது. இலங்கையில் இப்படி ஓர் உள்ளூர்க் காவல்காரன் இருந்தது; பசிபிக் தீவுகளிலோ ஆபிரிக்க நத்தையை அடக்க அமெரிக்காவின் வேட்டை நத்தை ஒன்றை இறக்குமதி செய்தார்கள். அது ஆபிரிக்க நத்தையை விட்டுவிட்டு மூரேயா தீவின் சிறிய உள்ளூர் நத்தைகளைத் தின்று தீர்த்தது. எலிப்புழுவையும் அது சுமக்கும் என்பது பிறகு தெரிந்தது. வெளியூர் உயிரை அடக்க இன்னொரு வெளியூர் உயிரைக் கொண்டுவரும் யோசனையை யாராவது சொன்னால், மூரேயாவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் அலிகாட்டா, இந்த நத்தை தீவு தீவாகப் பரவிய பாதையில்தான் புழுவும் பரவியிருக்க வேண்டும் என்று 1960களில் வாதிட்டார். மடகஸ்கார், மொரிசியஸ், இலங்கை, மலாயா, பசிபிக் என்று அந்தக் கோடு ஓடும். கவர்ச்சியான வாதம். ஆனால் கப்பலில் நத்தையைவிட அதிகம் பயணம் செய்தது எலி. எலி இறங்கிய துறைமுகங்களில் உள்ளூர் நத்தைகள் பலவும் புழுவுக்கு ஏற்றவையாகவே இருந்தன. நன்னீர் நத்தை உட்பட எத்தனையோ இனங்களில் அது வளரும். என் பார்வையில் ஆபிரிக்க நத்தையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அது செய்தது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சுற்றுக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தது.

கவலைப்பட வேண்டியது அதைவிடச் சின்னவற்றைப் பற்றி. பெரிய நத்தையைக் கீரைப்பிடிக்குள் யாரும் காணாமல் விடமாட்டார்கள். ஓடில்லா நத்தைகள் அப்படி இல்லை. வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்ட தோல் போன்ற முதுகுடைய கறுப்பு ஓடில்லா நத்தை, பூச்சட்டிக்கு அடியிலும் நனைந்த பலகைக்குக் கீழும் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். அதன் குஞ்சு அரிசி மணி அளவுதான். ஹவாயின் பெரிய தீவில் இந்தப் புழுவின் முக்கிய வாகனமாக மாறியது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அரைநத்தை ஒன்று. முதுகில் நகக்கண் அளவு ஓடு மட்டும் இருக்கும். அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பலர் நத்தையை வாயில் வைத்ததே இல்லை. தோட்டத்துப் பச்சை இலை சாப்பிட்டவர்கள் அவர்கள். 2000ஆம் ஆண்டு யமேக்காவுக்குச் சுற்றுலா போன அமெரிக்க மாணவர் குழு ஒன்றில் 12 பேர் விழுந்ததும் ஒரு சலாட்டினால்தான் என்று விசாரணையில் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் சலாட் குறைவு. வல்லாரைச் சம்பல் குறைவில்லை.

கொலன்னாவையை எடுத்துக்கொள்வோம். களனி கங்கைக்கும் கொழும்பு நகரின் கிழக்கு எல்லைக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கும் ஊர். எண்ணெய்த் தாங்கிகளும், நெருக்கிக் கட்டிய வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் சதுப்பு நிலமும். 2018இல் கொழும்பை ராம்சார் சதுப்பு நில நகரங்களில் ஒன்றாக அங்கீகரிக்க வைத்த பசுமையில் இந்தச் சதுப்புக்கும் பங்குண்டு. அதே சதுப்பின் ஓரத்தில்தான் மீதொட்டமுல்லக் குப்பை மலை வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணோடு போனார்கள். கொழும்பின் குப்பை வேறு இடம் தேடிப் போனது. எலிகள் போயிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 2016 மே மாதத்தைப் போல வெள்ளம் வரும்போது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்தில் எலியும் நத்தையும் மனிதரும் ஒரே மேட்டைத் தேடுகிறார்கள்.

கொலன்னாவையில் இந்த நோய் பரவிக் கிடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. புழுவின் சுற்று ஓடத் தேவையான எல்லாமே ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இருக்கின்றன என்றுதான் சொல்கிறேன்: எலி, ஈரம், நத்தை, தாழ்ந்து படரும் கீரை. கொட்டாஞ்சேனைச் சந்தைக்கும் வெள்ளவத்தைக் கடைத்தெருவுக்கும் வரும் கீரைப்பிடி ஒவ்வொன்றும் இப்படி ஏதோ ஒரு ஈரப் பாத்தியிலிருந்து வருகிறது.

கங்குனைப் பற்றிப் பயமில்லை. அது தாச்சியில் வதங்கித்தான் தட்டுக்கு வருகிறது. நன்றாக வெந்த எதிலும் இந்தக் குடம்பி பிழைக்காது. வல்லாரை வேறு. நிலத்தோடு ஒட்டிக் கணுக்கணுவாக வேர்விட்டுப் படர்வது. பிடியாகக் கட்டும்போது தண்டுகளுக்கு நடுவில் எது ஒளிந்திருந்தாலும் தெரியாது. பிடியை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்து, கத்தியால் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய் பிழிந்து விடுகிறோம். சைவச் சாப்பாட்டுத் தட்டில்கூட நத்தை வந்து சேரக் கூடிய வழி இது. தேசிக்காய்ப் புளி புழுவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. உப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறவைப்பதும் மஞ்சள் தூவுவதும் அப்படித்தான்.

வல்லாரையை விடச் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்து, வேரடியை வெட்டி எறிந்து, ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் இலையின் மேலும் கீழும் விரலால் தடவிக் கழுவினால் போதும். அம்மம்மாமார் வெளிச்சத்தில் சுளகை வைத்துக் கீரை ஆய்ந்தது இதற்காக அல்ல என்றாலும், அந்த ஆய்தல்தான் இங்கே மருந்து. இலையில் காய்ந்த நத்தைத் தடம் தெரிந்தால் அந்த இலையைத் தூக்கி எறியலாம். சளியில் இருக்கும் குடம்பி மிகக் குறைவு என்றாலும் இழப்பு ஓர் இலைதானே. ஆனால் திறந்த வாளி, தொட்டித் தண்ணீரில் நத்தை விழுந்து செத்தால், உடல் அழுகும்போது குடம்பிகள் தண்ணீருக்குள் வரும் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். தொட்டிக்கு மூடி போட டெங்கு நுளம்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று.

இன்னொரு வழியும் இருக்கிறது: உடும்பு. நத்தையைத் தின்னும் தவளை, நண்டு, இறால், உடும்பு போன்றவற்றின் உடலில் குடம்பி வளராமல், சாகாமல் காத்துக் கிடக்கும். உடும்பிறைச்சியைச் சரியாக வேகாமலோ இரத்தத்தோடோ மருந்தென்று சாப்பிடுகிறவர்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு. சட்டப்படி உடும்பைத் தொடவே கூடாது என்பது தனிக் கதை. உடும்பிறைச்சி சாப்பிட்ட ஒருவருக்கு வந்த இந்த வகை மூளை அழற்சியைப் பற்றி 2005இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் இலங்கை மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் கவனிக்க வேண்டியது நோயைவிட மருந்து: பூச்சி மருந்து கொடுத்த பிறகு நிலைமை மோசமானது. காரணம் விளங்கக் கூடியதே. குடலில் இருக்கும் புழுவைக் கொன்றால் அது வெளியே போய்விடும். மூளையில் இருக்கும் புழுவைக் கொன்றால் அந்தப் பிணம் அங்கேயே கிடந்து அழற்சியைக் கிளறும். ஆகவே புழுக்கொல்லி கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை; கொடுத்தாலும் ஸ்டெரொயிட்டின் காவலோடுதான். தலைவலியைக் குறைப்பது ஸ்டெரொயிட் என்பது தாய்லாந்தில் நடந்த சோதனையில் உறுதியானது. முண்ணாண் நீரை ஊசியால் எடுத்து அழுத்தத்தைக் குறைப்பதும் உதவும். பாமசியில் தானாகப் பூச்சிக் குளிசை வாங்கிப் போடும் பழக்கம் மட்டும் இங்கே ஆபத்து.

தோட்டத்து நத்தையை என்ன செய்வது? கையுறையோ பொலித்தீன் பையோ போட்டு, மாலையில் பொறுக்கி, உப்புக் கரைசலில் கொன்று, ஆழமாகப் புதைக்கலாம். நசுக்கி விடுவது மோசம். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவது அதைவிட மோசம். நத்தை மருந்துக் குருணல் நாய்க்கும் குழந்தைக்கும் நஞ்சு. பொறுக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: இந்தத் தீவுக்கே உரிய அக்காவஸ் பேரின நத்தைகளும் பெரியவை, அழகானவை. மடகஸ்காரிலும் சீசெல்சிலும் உறவினர்களைக் கொண்ட பழைய குடும்பம் அது. தெற்கிலும் மேற்கிலும் ஈரவலய மரங்களில் அவற்றைக் காணலாம். ஆபிரிக்க நத்தையின் ஓடு நீண்டு கூம்பும். அக்காவஸின் ஓடு உருண்டு அகன்றிருக்கும். பயத்தில் அவற்றையும் சேர்த்துக் கொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நத்தையைப் பொறுக்குவது வீட்டு வேலை. எலியை ஒடுக்குவது நகரசபை வேலை. எலிக்காய்ச்சல் 2008இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தேக நோயாளிகளை இந்த நாட்டில் உண்டாக்கிய பிறகு, அந்தப் பெயரைக் கேட்டாலே மக்கள் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். எலியிலிருந்து வரும் இந்த இன்னொரு நோய்க்கு வீட்டில் புழங்கும் ஒரு பெயர்கூட இல்லை. ஆகவே நோயாளி கேட்பதில்லை, மருத்துவரும் பல வேளை கேட்பதில்லை. கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: கடந்த மூன்று நான்கு வாரத்தில் பச்சையாக என்ன சாப்பிட்டீர்கள், உடும்பு சாப்பிட்டீர்களா.

அதற்கு மேல் ஆய்வுகூடத்தின் கையில் இருக்கிறது. முண்ணாண் நீரில் புழு நேரில் அகப்படுவது அபூர்வம். அதன் மரபணுத் துணுக்கைத் தேடும் பீசிஆர் சோதனை எல்லா இடத்திலும் கிடையாது. மிஞ்சுவது வெண்கலங்களை எண்ணுவது. சாயமிடாமல் எண்ணினால் இயோசினோபில்லும் பற்றீரியாத் தொற்றில் வரும் நியூட்ரோபில்லும் ஒரே மாதிரித்தான் தெரியும். அப்போது நோயாளிக்குப் பற்றீரிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றத் தொடங்குவார்கள். ரைட் அல்லது கீம்சா சாயம் இட்டால் இயோசினோபில் செம்மஞ்சள் மணிகளோடு தனியாகத் தெரியும். பத்துக்கு ஒன்று அந்த நிறத்தில் இருந்தாலே எலிப்புழுவைச் சந்தேகிக்கப் போதும்.